ஒரே மாடலில் இரண்டு உலோகம்: எலிமென்டுக்கு மெட்டீரியல் ஒட்டும் விதம்

இஸ்திரிப் பெட்டி போதுமான அளவு சூடானதும் 'டிக்' என்று சத்தம் கேட்டு விளக்கு அணைகிறதே, அந்த வேலையைப் பார்ப்பது இரண்டு உலோகத் தகடுகளை ஒட்டிச் செய்த ஒரு சிறு பட்டை. ஒரு தகடு அதிகம் விரியும், மற்றது குறைவாக விரியும். ஒட்டிக்கொண்டிருப்பதால் தனித்தனியாக நீள வழியில்லாமல் இரண்டும் சேர்ந்து வளையும். வளைந்ததும் மின்தொடர்பு விட்டுப்போகும். ஈருலோகப் பட்டை என்று இதற்குப் பெயர்.

ஒரு பொருளைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, அது எப்படி வளையும், நீளும் என்று கணினியில் கணக்கிடுவது ஃபைனைட் எலிமென்ட் முறை. அந்த மாடலில் பகுதிக்கு ஒரு மெட்டீரியல் கொடுக்கப் பழகுபவருக்கு இந்தப் பட்டையே முதல் பயிற்சியாக இருக்கட்டும். மெட்டீரியலைத் தப்பாகக் கொடுத்தால் விடை பளிச்சென்று கெட்டுவிடும். சரியான விடையையோ 1925இல் பொறியியல் அறிஞர் திமோஷென்கோ தந்த சூத்திரத்தை வைத்துக் காகிதத்திலேயே போட்டுவிடலாம். நிஜ வேலையில் வரும் மாடல்களுக்கு இந்த வசதி இருக்காது. அங்கே ஒரு பாகத்துக்கு மெட்டீரியல் மாறிப்போனாலும் மென்பொருள் முணுமுணுக்காமல் ஓடி முடிக்கும், வண்ணப் படமும் அழகாகவே வரும்.

மெட்டீரியல் எதில் ஒட்டுகிறது?

வடிவத்தைச் சிறு கட்டங்களாக வெட்டினால் அது மெஷ். ஒவ்வொரு கட்டமும் ஓர் எலிமென்ட். கட்டத்தின் மூலைகளிலும், இரண்டாம் படி எலிமென்டாக இருந்தால் விளிம்புகளின் நடுவிலும் இருக்கும் புள்ளிகள் கணுக்கள். ஒவ்வொரு கணுவும் எவ்வளவு நகர்ந்தது என்பதைத்தான் மென்பொருள் கண்டுபிடிக்கிறது. ஆனால் அதற்குத் தேவையான விறைப்பைக் கணுவில் நின்று கணக்கிடுவதில்லை. எலிமென்டுக்கு உள்ளே, தொகையீட்டுப் புள்ளிகள் எனப்படும் சில இடங்களில் நின்று, 'இங்கே யங் குணகம் எவ்வளவு, பாய்சான் விகிதம் எவ்வளவு' என்று கேட்கிறது. நீள்வதைப் பொருள் எவ்வளவு எதிர்க்கும் என்பதன் அளவு யங் குணகம்; நீளும்போது பக்கவாட்டில் எவ்வளவு சுருங்கும் என்பதன் அளவு பாய்சான் விகிதம். இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்வது மெட்டீரியல்.

ஆகவே மெட்டீரியல் எலிமென்டின் சொத்து. கணுவுக்கு மெட்டீரியல் கிடையாது. எஃகும் அலுமினியமும் சேரும் கோட்டில் உள்ள கணு இரு பக்கத்து எலிமென்டுகளுக்கும் பொது. அது எஃகுக் கணுவா அலுமினியக் கணுவா என்று கேட்பதற்கே பொருள் இல்லை. இது மனத்தில் நின்றுவிட்டால் கீழே வரும் கோளாறுகளில் பாதி தானாகப் புரியும்.

எலிமென்ட் ஒவ்வொன்றுக்கும் கையால் மெட்டீரியல் எழுத முடியாது என்பதால் நடுவில் இரண்டு படிகள் இருக்கின்றன. எலிமென்டுகளை முதலில் ஒரு குழுவாகச் சேர்க்கிறோம். கால்குலிக்ஸ், அபாகஸ் என்ற கணக்கு மென்பொருள்களில் இதற்கு 'எல்செட்' என்று பெயர். அந்தக் குழுவுக்கு ஒரு 'செக்ஷன்' கொடுக்கிறோம். தடிமன் போன்ற வடிவ விவரமும், எந்த மெட்டீரியல் என்ற பெயரும் செக்ஷனில் இருக்கும். மெட்டீரியல் என்ற கடைசிப் படியில் எண்கள் மட்டும். நாஸ்ட்ரான் என்ற மென்பொருளில் எலிமென்ட் ஒரு பிராப்பர்ட்டி எண்ணைச் சொல்லும், பிராப்பர்ட்டி ஒரு மெட்டீரியல் எண்ணைச் சொல்லும். பெயர் வேறு, சங்கிலி அதேதான். 'மெட்டீரியல் வரையறுத்துவிட்டேன், ஆனாலும் எரர் வருகிறது' என்று தொடக்கத்தில் முட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் நடுப்படியான செக்ஷனை எழுத மறந்தவர்கள்.

பட்டையின் அளவுகள்

நீளம் 100 மி.மீ., அகலம் 10 மி.மீ. கீழே 1 மி.மீ. தடிமனில் எஃகு, மேலே 1 மி.மீ. தடிமனில் அலுமினியம். 20 டிகிரி செல்சியஸிலிருந்து 120 டிகிரிக்குச் சூடேற்றுகிறோம். பக்கவாட்டில் பார்த்தால் 100க்கு 2 மி.மீ. செவ்வகம், அகலத்தின் திசையில் தகைவு (பரப்பலகுக்கு உள்ள உள்விசை) இல்லை என்று கொள்ளும் தளத் தகைவு எலிமென்ட் போதும், முப்பரிமாணம் தேவையில்லை.

எஃகுக்கு யங் குணகம் 2,10,000 மெகாபாஸ்கல், பாய்சான் விகிதம் 0.3, வெப்ப விரிவு எண் டிகிரிக்கு 0.000012. அலுமினியத்துக்கு 70,000 மெகாபாஸ்கல், 0.33, 0.000023. நிலையான கணக்குக்கு இந்த மூன்று போதும். சொந்த எடையோ அதிர்வோ பார்க்க வேண்டுமானால் அடர்த்தி வேண்டும். வெப்பம் பரவுவதைப் பார்க்க வேண்டுமானால் வெப்பக் கடத்துதிறன் வேண்டும். கணக்குக்குத் தேவைப்படாத பண்பை எழுதிவைத்தாலும் கெடுதல் இல்லை.

நீளம் மில்லிமீட்டர், விசை நியூட்டன் என்று வைத்தால் தகைவு தானாகவே மெகாபாஸ்கலில் வரும், அடர்த்தியை மட்டும் கன மில்லிமீட்டருக்கு இத்தனை டன் என்று எழுத வேண்டும். எஃகுக்கு 7850 என்று பழக்கத்தில் எழுதிவிட்டால் பட்டையின் எடை லட்சம் கோடி மடங்காகிவிடும். சரியான எண் 0.00000000785. இன்னொன்று, நம் ஊர்ப் பழக்கத்தில் 2,10,000 என்று காற்புள்ளி போட்டு எழுதும் கை, உள்ளீட்டுக் கோப்பிலும் அப்படியே எழுதிவிடக் கூடாது. அங்கே காற்புள்ளி என்றால் அடுத்த எண் தொடங்குகிறது என்று பொருள். யங் குணகம் 2, பாய்சான் விகிதம் 10 என்று படித்துக்கொள்ளும்.

மெஷ் போடும்போது

முதலில் செய்யும் தப்பு இங்கேதான். இரண்டு செவ்வகங்களைத் தனித்தனியே வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், பார்வைக்கு ஒட்டியிருக்கும், மெஷ்ஷில் ஒட்டியிருக்காது. நடுக்கோட்டில் எஃகுக்கு ஒரு வரிசைக் கணுவும், அதே இடத்தில் அலுமினியத்துக்கு இன்னொரு வரிசைக் கணுவும் உட்கார்ந்திருக்கும். இரண்டு தகடுகளுக்கும் ஒன்றையொன்று தெரியாது.

மெஷ் போடும் மென்பொருளான ஜிமெஷ்ஷில் இரண்டு செவ்வகங்களையும் 'பூலியன் ஃப்ராக்மென்ட்ஸ்' வழியாக அனுப்பினால் நடுக்கோடு ஒன்றாகிவிடும். வடிவம் வரையும் மென்பொருளான ஃப்ரீகேடிலும் அதே பெயரில் கருவி உண்டு. முப்பரிமாணத் திடப் பாகங்களாக இருந்தால் அதில் 'காம்ப்சாலிட்' முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்றாக்கிப் பார்த்தேன் என்று விட்டுவிடாமல் கணுக்களை எண்ணுவது நல்லது. அரை மி.மீ. பக்கமுள்ள எட்டுக் கணு எலிமென்டுகளாக வெட்டினால் நீளவாக்கில் 200, உயரவாக்கில் 4, ஆக 800 எலிமென்ட். நடுக்கோடு பொதுவாக இருந்தால் 2809 கணுக்கள். இரட்டித்திருந்தால் 401 கூடி 3210. ஜிமெஷ் இரண்டாம் படி நாற்கரத்துக்கு இயல்பாக ஒன்பது கணு போடும். எட்டு வேண்டும் என்று அமைப்பில் சொல்லாவிட்டால் 800 கணுக்கள் கூடுதலாக வந்து எண்ணிக்கை 3609 ஆகும். இது வேறு விஷயம், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நான்கு கணு எலிமென்ட் ஏன் வேண்டாம் என்றால், அது வளைவுக்குத் தேவைக்கு மேல் முரண்டு பிடிக்கும். விடை குறைவாக வந்தால் மெட்டீரியல் தப்பா, எலிமென்ட் தப்பா என்று தெரியாமல் திண்டாட வேண்டியிருக்கும்.

எலிமென்டுகளைக் குழுவாக்குவதும் ஜிமெஷ்ஷிலேயே முடிந்துவிடும். கீழ்ச் செவ்வகத்துக்கு ஒரு 'ஃபிசிக்கல்' குழு, மேல் செவ்வகத்துக்கு ஒன்று. ஒரே ஒரு ஃபிசிக்கல் குழுவையாவது வரையறுத்துவிட்டால், குழுவில் சேராத எலிமென்டை ஜிமெஷ் கோப்பில் எழுதவே எழுதாது. மேல் தகட்டை மறந்துவிட்டால் பாதிப் பட்டை காணாமல் போகும். இடது விளிம்பைப் பிடித்துவைக்க அதற்கும் ஒரு குழு கொடுத்தால், அந்தக் கோடு கோப்பில் கம்பி எலிமென்டுகளாக வந்து நிற்கும். அவற்றுக்கு மெட்டீரியல் இல்லை என்று கால்குலிக்ஸ் நின்றுவிடும். அந்த எலிமென்டுகளை நீக்கிவிட்டு, கணுக்களின் பட்டியலை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

உள்ளீட்டுக் கோப்பு

மியூனிக்கின் எம்டியூ ஏரோ எஞ்சின்ஸைச் சேர்ந்த கைடோ டோண்ட், கிளவுஸ் விட்டிக் இருவரும் உருவாக்கிய கால்குலிக்ஸ் இலவசமாகக் கிடைப்பது. கட்டளை வடிவம் அபாகஸை ஒத்தது. கோப்பில் ஆங்கில எழுத்தில் எழுத வேண்டிய வரிகள் இங்கே ஒலிப்பு வடிவத்தில்:

*மெட்டீரியல், நேம்=எஃகு
*எலாஸ்டிக்
210000, 0.3
*எக்ஸ்பான்ஷன்
0.000012
*மெட்டீரியல், நேம்=அலுமினியம்
*எலாஸ்டிக்
70000, 0.33
*எக்ஸ்பான்ஷன்
0.000023
*சாலிட் செக்ஷன், எல்செட்=கீழ்த்தகடு, மெட்டீரியல்=எஃகு
10
*சாலிட் செக்ஷன், எல்செட்=மேல்தகடு, மெட்டீரியல்=அலுமினியம்
10

செக்ஷனுக்குக் கீழே உள்ள 10 பட்டையின் அகலம். தளத் தகைவு எலிமென்டுக்கு அதுதான் 'தடிமன்'. எலாஸ்டிக், எக்ஸ்பான்ஷன் வரிகள் தங்களுக்கு மேலே கடைசியாக வந்த மெட்டீரியலைச் சேரும். இரண்டாவது மெட்டீரியல் வரியை வெட்டி ஒட்டும்போது இடம் மாற்றிவிட்டால் பண்புகள் இன்னொன்றின் கணக்கில் ஏறிவிடும்.

இடது விளிம்பின் எல்லாக் கணுக்களையும் நீளவாக்கில் மட்டும் பிடிக்க வேண்டும். மேலும் கீழும் நகராமல் பிடிப்பது நடுக்கோட்டில் உள்ள ஒரே ஒரு கணுவை. விளிம்பு முழுவதையும் இரு திசையிலும் இறுக்கினால் தடிமன் விரிய இடமில்லாமல் அங்கே பொய்யான தகைவு உண்டாகும். தொடக்க வெப்பநிலை 20 என்றும், கணக்குப் படியில் 120 என்றும் எல்லாக் கணுக்களுக்கும் கொடுக்க வேண்டும்.

விடை என்ன வர வேண்டும்?

இரு தகடுகளும் ஒரே தடிமனில் இருந்தால் திமோஷென்கோ சூத்திரம் சுருங்கிவிடும். விரிவு எண்களின் வித்தியாசத்தை வெப்பநிலை உயர்வால் பெருக்கி, 24ஆல் பெருக்க வேண்டும். யங் குணகங்களின் விகிதத்தோடு அதன் தலைகீழையும் 14ஐயும் கூட்டி, மொத்தத் தடிமனால் பெருக்கி, அதனால் வகுத்தால் வளைவு கிடைக்கும். நம் பட்டைக்கு வகுபடும் எண் 24 × 0.000011 × 100 = 0.0264. வகுக்கும் எண் 2 × (14 + 3 + 0.333) = 34.67. வளைவு மி.மீ.க்கு 0.0007615. நுனி இறக்கம் வளைவை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்கியது: 3.81 மி.மீ. அதிகம் விரியும் அலுமினியம் மேலே இருப்பதால் நுனி கீழ்நோக்கிப் போக வேண்டும்.

3.81 வந்தால் சரி. வராதபோது, வந்த எண்ணே தப்பு எங்கே என்று காட்டிக்கொடுக்கும்.

நுனி 3.81 மி.மீ. மேலே போனால் மெட்டீரியல்கள் இடம் மாறிவிட்டன. வளையவே இல்லை, நுனி 0.12 மி.மீ. மட்டும் நீண்டது என்றால் இரண்டு தகட்டுக்கும் எஃகு போயிருக்கிறது, 0.23 என்றால் இரண்டும் அலுமினியம். ஒரு தகடு 0.12, மற்றது 0.23 என்று தனித்தனியாக நீண்டிருந்தால் நடுக்கோட்டுக் கணுக்கள் இணையவில்லை. ஆனால் அப்போது பெரும்பாலும் அந்த விடைகூட வராது. ஒரு தகட்டை மேலும் கீழும் பிடிக்க எதுவும் இல்லாததால் சமன்பாட்டுத் தொகுதி தீர்வு காணாமல் முறியும், அல்லது அந்தத் தகடு எங்கோ பறந்துபோனதாகக் காட்டும். 4.57 வந்தால் தொடக்க வெப்பநிலை 20 இல்லாமல் சுழியாக இருக்கிறது.

4.125 வருவதுதான் வஞ்சகமானது. விரிவு எண்களைச் சரியாகக் கொடுத்து, யங் குணகத்தை மட்டும் இரண்டுக்கும் ஒன்றாகக் கொடுத்தால் வரும் எண் அது. மூன்று மடங்கு வித்தியாசமுள்ள விறைப்பைத் தவறவிட்டும் பிழை 8 விழுக்காடுதான். 'மெஷ் இன்னும் நுணுக்கமாக வேண்டும் போல' என்று சமாதானம் சொல்லிக் கடந்துபோகிற அளவு. இந்த மாதிரிக் கணக்கில் 8 விழுக்காட்டை மெஷ் தலையில் கட்டக் கூடாது. இந்த மெஷ்ஷில் பிழை அதைவிட மிகக் குறைவாகத்தான் இருக்கும்.

இந்தச் சோதனைக்கும் கண்ணுக்குப் படாத தப்பு ஒன்று உண்டு. இரண்டு யங் குணகங்களையும் பாஸ்கலில் எழுதிவிட்டாலும் இறக்கம் 3.81தான் வரும். வளைவுக்கு விகிதம் மட்டுமே தேவை. தகைவைப் பார்த்தால்தான் பத்து லட்சம் மடங்கு எகிறியிருப்பது தெரியும். ஒன்று பாஸ்கல், மற்றது மெகாபாஸ்கல் என்று கலந்தால் பட்டை வளையாது, பாஸ்கலில் எழுதிய உலோகத்தைப் போலவே நீளும்.

சூத்திரமே இல்லாத மாடலில் என்ன செய்வது? ஒரு மெட்டீரியலின் யங் குணகத்தை வேண்டுமென்றே ஆயிரத்தில் ஒரு பங்காக்கி ஓட்டிப் பார்க்கலாம். நம் பட்டையில் அலுமினியத்தை 70 ஆக்கினால் இறக்கம் 0.02 மி.மீ.க்கு விழும், எஃகை 210 ஆக்கினால் 0.19க்கு. நாம் தொட்ட பகுதி மட்டும் தொய்கிறதா என்று பார்ப்பதே நோக்கம். தொய்வு வேறு இடத்தில் தெரிந்தால் எல்செட்டில் ஏதோ கலந்திருக்கிறது.

தகைவைப் படிக்கும்போது

நடுக்கோட்டில், பட்டையின் நீளத்தின் மத்தியில், நீளவாக்குத் தகைவைக் கைக்கணக்கில் போட்டால் எஃகுப் பக்கம் 98 மெகாபாஸ்கல் இழுவிசைத் தகைவு. அலுமினியப் பக்கம் 44 மெகாபாஸ்கல் அமுக்கத் தகைவு. ஒரே புள்ளி, இரண்டு மதிப்பு, குறியும் எதிரெதிர். இதில் முரண்பாடு எதுவும் இல்லை. எஃகில் 98ஐ 2,10,000ஆல் வகுத்து வெப்ப விரிவு 0.0012ஐக் கூட்டினால் மொத்தத் திரிபு, அதாவது அலகு நீளத்துக்கான நீட்சி, 0.00167. அலுமினியத்தில் 44ஐ 70,000ஆல் வகுத்து 0.0023இலிருந்து கழித்தாலும் அதே 0.00167. இரண்டு உலோகமும் ஒரே அளவு நீண்டிருக்கின்றன. ஒரே அளவு நீள்வதற்கு வெவ்வேறு தகைவு தேவைப்படுகிறது, அவ்வளவே.

படம் வரையும் மென்பொருளுக்கு இது தெரியாது. ஒரு கணுவைச் சுற்றியுள்ள எலிமென்டுகளின் தகைவைச் சேர்த்துச் சராசரி எடுப்பது அதன் வழக்கம். 98ஐயும் மைனஸ் 44ஐயும் சராசரி எடுத்தால் 27. எந்த உலோகத்திலும் இல்லாத ஒரு தகைவு, நடுக்கோடு முழுக்க மெல்லிய பச்சையாகப் பூசப்பட்டிருக்கும். எஃகின் உண்மையான 98 படத்திலிருந்தே மறைந்துவிடும். கால்குலிக்ஸ் தன் படக் கோப்பில் எழுதுவது இப்படிக் கணுவில் சராசரி எடுத்த மதிப்பு. மெட்டீரியல் எல்லையில் நிஜ எண் வேண்டுமானால் 'எல் பிரிண்ட்' கட்டளையால் தொகையீட்டுப் புள்ளி மதிப்புகளை எல்செட் வாரியாக எழுதச் சொல்லிப் படிக்க வேண்டும். அபாகஸில் எல்லையில் சராசரி எடுக்காதே என்று சொல்ல வழி இருக்கிறது.

பட்டையின் வலது நுனியில் இரண்டு உலோகமும் காற்றைத் தொடும் அந்த ஒற்றைப் புள்ளியில் எந்தத் தகைவையும் நம்ப வேண்டாம். மெஷ்ஷை நுணுக்க நுணுக்க அங்கே எண் ஏறிக்கொண்டே போகும். விறைப்பு திடீரென மாறும் எல்லை ஒரு கட்டற்ற விளிம்பைச் சந்திக்கும் இடத்தின் இயல்பு அது. மெட்டீரியலைத் தப்பாகக் கொடுத்துவிட்டோமோ என்று தேடிப் பயனில்லை.

மென்பொருளுக்கு ஒரு குணம்

மெட்டீரியல் கொடுக்க மறந்த எலிமென்டை என்ன செய்கிறது என்பதில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். கால்குலிக்ஸ் நின்றுவிடும், நல்லது. ஆன்சிஸ் மெக்கானிக்கலில் கொண்டுவரும் ஒவ்வொரு பாகத்துக்கும் முதலிலேயே கட்டமைப்பு எஃகு ஒட்டப்பட்டிருக்கும். மறந்த ரப்பர் வாஷர் சத்தமில்லாமல் எஃகாகவே இருந்துவிடும். ஃப்ரீகேடில் எந்தப் பாகத்தையும் குறிப்பிடாமல் காலியாக விட்ட மெட்டீரியல், மீதமிருக்கும் எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும். ஒரே எலிமென்ட் இரண்டு எல்செட்டில் இருந்தால் கால்குலிக்ஸில் கடைசியாக எழுதிய செக்ஷன்தான் நிற்கும். இதைப் பயன்படுத்தி, முதலில் எல்லாவற்றுக்கும் எஃகு கொடுத்துவிட்டுப் பிறகு வேண்டிய இடத்தில் மேலெழுதுபவர்கள் உண்டு. வேலை சுருக்கம்தான். ஆனால் மறந்த எலிமென்ட் எரர் காட்டும் வாய்ப்பை நாமே அடைத்துவிடுகிறோம். ஒவ்வோர் எலிமென்டும் ஒரே ஒரு குழுவில் இருப்பதே மேல்.

ஃபெனிக்ஸ் என்ற நிரல் தொகுப்பில் எழுதுபவர்களுக்கு இன்னொரு பொறி. யங் குணகத்தை ஒரு ஃபங்ஷனாக வைக்கும்போது அது எலிமென்டுக்கு ஒரு மதிப்பு கொண்ட, தொடர்ச்சியற்ற சுழிப்படி வெளியில் இருக்க வேண்டும். கணுவில் மதிப்பு வைக்கும் முதல்படி வெளியைத் தேர்ந்தெடுத்தால், எல்லையை ஒட்டிய ஒரு வரிசை எலிமென்டுகளில் 2,10,000லிருந்து 70,000க்குச் சரிவாக இறங்கும், உலகத்தில் இல்லாத ஓர் உலோகம் முளைத்துவிடும்.

கணக்கை ஓட்டும் முன் கடைசியாக ஒரு நிறைச் சோதனை. இரண்டு மெட்டீரியலுக்கும் அடர்த்தியையும் எழுதிவிட்டு மாடலின் மொத்த நிறையைக் கேட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு தகடும் 1000 கன மி.மீ.; எஃகு 7.85 கிராம், அலுமினியம் 2.70 கிராம், மொத்தம் 10.55. கோப்பின் அலகில் இது 0.00001055 டன். 15.7 கிராம் என்றால் இரண்டும் எஃகு, 5.4 என்றால் இரண்டும் அலுமினியம், 7.85 என்றால் மேல் தகடு மெஷ்ஷிலேயே இல்லை. மேலும் கீழும் இடம் மாறியிருந்தால் மட்டும் நிறையில் தெரியாது. அதற்கு நுனி எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும்.